கழிவுப் பக்கம் நடக்கிற வயர்

1994இல் எங்கள் டூல் ரூமுக்கு வயர் கட் மெஷின் வந்து இறங்கியபோது நான் பெஞ்சில் அரம் பிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. கோயமுத்தூர் கணபதியில், பம்ப் மோட்டார்களுக்கு ஸ்டாம்பிங் டை செய்து கொடுக்கும் பட்டறை. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே மோட்டார் செய்கிற ஊர் என்பதால் டைக்கு என்றைக்கும் ஆர்டர் உண்டு. மெஷினுக்கென்று தனி அறை கட்டி ஏ.சி. போட்டார்கள். முதலாளி உட்காரும் அறையில்கூட அப்போது மின்விசிறிதான்.

அதுவரை மோட்டாரின் ஸ்டேட்டர் தகட்டில் பள்ளம் வெட்டுகிற ஒரு ஸ்லாட் டை எப்படி உருவானது என்று சொன்னால்தான் அந்த மெஷின் செய்த காரியம் விளங்கும். எச்சிஎச்சிஆர் என்று நாங்கள் சொல்லும் டூல் ஸ்டீல் தட்டில் நீலச் சாயம் பூசி, ஸ்கிரைபரால் வடிவத்தைக் கீறுவோம். கோட்டுக்கு உள்ளே வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு நடுவே உளி வைத்து உடைத்து, மிச்சத்தை அரத்தால் ராவி எடுப்போம். டைக்குள் இறங்கித் தகட்டை வெட்டும் பஞ்சை முதலில் முடித்துக்கொண்டு, அதையே அளவாக வைத்து, பிரஷ்யன் புளூ தடவி டைக்குள் இறக்கிப் பார்ப்பது. நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் தொட்டு ராவுவது. மறுபடி இறக்குவது. அரை மில்லிமீட்டர் சிலிக்கான் ஸ்டீல் தகடு வெட்ட, பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.025 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுற்றிலும் ஒரே சீராக வேண்டும். அது என் கைக்கு வர ஆறு வருடம் ஆயிற்று.

இத்தனையும் முடிந்த பிறகுதான் தட்டு ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது ஏதோ ஒரு ஸ்லாட் சாய்ந்திருக்கும், ஏதோ ஒரு மூலை உள்வாங்கியிருக்கும். அதன்மேல் அரம் ஏறாது, வழுக்கும். ஆயில் ஸ்டோனை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் தேய்க்க வேண்டியதுதான். இருபது நாள் உழைப்பு உலையில் வளைந்து வந்ததைக் கையில் வாங்கிய மேஸ்திரிகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வயர் கட் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. தட்டை முதலில் உலைக்கு அனுப்பு, கல்லாக்கிக் கொண்டு வா, வளைந்ததை கிரைண்டிங்கில் தட்டையாக்கு, அதற்கப்புறம் வெட்டு. கால் மில்லிமீட்டர் பித்தளை வயர் நாற்பது மில்லிமீட்டர் கனமுள்ள தட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வேகம், துல்லியம் என்றெல்லாம் மெஷின் விற்க வந்தவர்கள் பேசினார்கள். பெஞ்சில் நின்றவனுக்கு இந்த ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது: இனி எந்த டையும் முடிந்த பிறகு உலைக்குப் போக வேண்டாம்.

புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு இந்த மெஷினை விளக்க, பழைய ஸ்கூட்டரின் சி.பி. பாயின்ட் ஒன்றை டிராயரில் வைத்திருந்தேன். பொறி பட்டுப் பட்டு அதன் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு பொறியும் துளி உலோகத்தை உருக்கி எடுத்துப் போயிருக்கிறது. ரஷ்யாவில் லாசரென்கோ என்ற விஞ்ஞானத் தம்பதி இந்த மாதிரி மின்தொடர்பு முனைகள் அரிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் ஆராய்ந்தார்கள். அரிப்பை நிறுத்துவதை விட்டுவிட்டு, அதையே உலோகம் வெட்டும் வழியாக 1943இல் மாற்றினார்கள். வயரை ஓடவிட்டு எண்களால் கட்டுப்படுத்தி வெட்டும் மெஷினை 1969இல் சுவிட்சர்லாந்தின் ஏஜீ கம்பெனி கொண்டுவந்தது. இதைக் கேட்ட பையன்கள் குழிகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். வயர் இரும்பைத் தொடுவதே இல்லை, நடுவே முடியிழையைவிட மெல்லிய சந்து இருக்கிறது, பொறிதான் தின்கிறது என்பது அப்போது அவர்கள் மண்டையில் இறங்கும்.

புரோகிராம் போடக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஐந்து நாள் இருந்தார். நேர்க்கோட்டுக்கு ஜி01, வலஞ்சுழி வளைவுக்கு ஜி02, இடஞ்சுழிக்கு ஜி03. வயரின் பாதிக் கனத்தையும் பொறிச் சந்தையும் சேர்த்தது ஆஃப்செட். போகிற திசைக்கு இடப்பக்கம் தள்ள ஜி41, வலப்பக்கம் தள்ள ஜி42, ரத்து செய்ய ஜி40. ஆறாம் நாள் அவர் ரயிலேறிவிட்டார். மிச்சத்துக்குத் தடித்த ஆங்கிலக் கையேடு ஒன்று, ஒரு கேசியோ கால்குலேட்டர், நான்.

கம்ப்யூட்டரில் படம் வரைந்து புரோகிராம் எடுக்கும் வசதி எங்களுக்கு அப்போது இல்லை. 24 ஸ்லாட் ஸ்டேட்டர் என்றால் ஸ்லாட்டுக்கு எட்டுப் புள்ளி, மொத்தம் 192 புள்ளிகளின் எக்ஸும் ஒய்யும் கையால் கணக்கிட்டு நோட்டில் எழுதி, பிறகு மெஷினில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 15 டிகிரி. கோசைன் 0.965926, சைன் 0.258819. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் தடவை மூன்று தசமத்தோடு நிறுத்திக்கொண்டேன். 0.966, 0.259. ஒரு ஸ்லாட்டின் புள்ளியைச் சுழற்றி அடுத்ததை எடுப்பது, அதைச் சுழற்றி அதற்கடுத்ததை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து 24 ஸ்லாட்டையும் எழுதிக் கொண்டுபோய் ஃபோர்மேனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். கால்குலேட்டரைத் தொடவில்லை.

"கடைசி ஸ்லாட்ட இன்னொருக்கா திருப்பிப் பாரு தம்பி. சுத்தி வந்தா மொத ஸ்லாட்டுலதான நிக்கோணும்?"

திருப்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஐம்பது மில்லிமீட்டர் ஆரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் விட்ட சில்லறை சேர்ந்து சேர்ந்து அவ்வளவாகியிருந்தது. டிவைடரால் வட்டத்தைப் பிரித்துக் கீறுகிறவர்கள், கடைசிக் குறி முதல் குறியில் வந்து விழுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை அவர் மெஷினுக்கும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஆறு தசமம், எப்போதும் முதல் ஸ்லாட்டிலிருந்தே சுழற்றுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு ஸ்லாட்டை மட்டும் சப் புரோகிராமாக எழுதினால் மெஷினே சுழற்றிக்கொள்ளும் என்பது கையேட்டின் பின்பக்கத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு மாதம் ஆயிற்று.

அதே வருடக் கடைசியில் ஒரு டை தட்டைக் கெடுத்தேன். டைக்குள் வலஞ்சுழியாகப் போகிற பாதைக்கு ஜி42 போட வேண்டிய இடத்தில் ஜி41 போட்டுவிட்டேன். வயர் ஓட்டைக்கு உள்பக்கமாக ஒதுங்குவதற்குப் பதில் வெளிப்பக்கமாக ஒதுங்கியது. ஆஃப்செட் 0.15. ஒதுங்க வேண்டிய திசையும் ஒதுங்கிய திசையும் எதிரெதிர் என்பதால் ஒரு பக்கத்துக்கு 0.30 மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டது. ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் எல்லாம் முடித்த தட்டு. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் ஃபோர்மேன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "வயர் மேல நீ சைக்கிள் ஓட்டிப் போறேன்னு வச்சுக்க. கழிவு உன்ற எந்தக் கை பக்கம் விழுகுது? அந்தப் பக்கந்தான் வயர் நடக்கோணும். கோட எல்லாம் அப்பறம் பாரு."

வயர் எப்போதும் கழிவுப் பக்கம்தான் நடக்கும். டைக்கு உள்ளே விழுவது கழிவு, பஞ்சுக்கு வெளியே இருப்பது கழிவு. முப்பது வருடமாக, எந்த ஜாப் ஆனாலும் ஸ்டார்ட் அழுத்துமுன் அந்த சைக்கிளில் ஒரு சுற்று மனதுக்குள் போய் வருகிறேன். முழுச் சுற்றையும் தண்ணீரும் பொறியும் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

இந்த ஆஃப்செட்டுக்குள்தான் என் ஆறு வருடக் கைவேலை ஒளிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. பஞ்சுக்கும் டைக்கும் ஒரே புரோகிராம் போதும். பஞ்சுக்கு ஒரு ஆஃப்செட், டைக்கு அதிலிருந்து 0.025 மாற்றி இன்னொரு ஆஃப்செட். சுற்றிலும் ஒரே சீரான இடைவெளி வந்துவிடும். முதல் தடவை பஞ்சை டைக்குள் இறக்கியபோது பழக்கத்தில் பிரஷ்யன் புளூ தடவித்தான் இறக்கினேன். எங்குமே நீலம் ஒட்டவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமும் வந்தது, நெஞ்சில் ஒரு பாரமும் வந்தது. பெஞ்சில் என்னோடு நின்ற ஆறு பேரில் நான்கு பேர் அடுத்த மூன்று வருடத்தில் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைவிட நல்ல ஃபிட்டர்கள்.

கோடு கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். என்னை உண்மையில் படுத்தியது இரும்புதான். வயர் எங்கே போக வேண்டும் என்று புரோகிராம் சொல்கிறது. அது போய்ச் சேரும் நேரத்தில் இரும்பு அங்கே இருக்கிறதா என்பது தனி விஷயம்.

1997 என்று நினைவு. நீளமான பஞ்ச் ஒன்று வெட்ட வேண்டும். தட்டின் ஓரத்திலிருந்தே வயரை உள்ளே விட்டேன். வயரை நுழைக்க ஸ்டார்ட் ஹோல் போடும் வேலை மிச்சம் என்று நினைப்பு. பாதி தூரம் போனதும் வெட்டு வாய் தன்னால் திறக்க ஆரம்பித்தது. 0.30 இருக்க வேண்டிய சந்து ஓரத்தில் அரை மில்லிமீட்டராக நின்றது. முடித்து எடுத்த பஞ்சில் ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. புரோகிராமைப் பத்துத் தடவை பார்த்தேன். அதில் தவறில்லை.

உலையில் சூடேறி வேகமாகக் குளிர்ந்த எஃகுக்குள் இழுபறி அடைந்து கிடக்கிறது. முழுத் தட்டாக இருக்கும்வரை ஒரு பக்கம் இழுப்பதை மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது. ஓரத்தை அறுத்துவிட்டால் தாங்க ஆளில்லை. அது தனக்கு வசதியான இடத்துக்கு நகர்ந்துகொள்கிறது. அதனால்தான் தட்டுக்கு உள்ளேயே துளை போட்டு அங்கிருந்து தொடங்குவது, சுற்றிலும் முழுச் சட்டம் விட்டுவைப்பது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டை வரிசையாக வெட்டாமல் எதிரும் புதிருமாக வெட்டுவது. முதலில் எல்லாவற்றையும் கொஞ்சம் விட்டு ரஃப் வெட்டி, இரும்பு நகர்வதெல்லாம் நகர்ந்து முடிந்த பிறகு ஸ்கிம் கட் போட்டு அளவுக்குக் கொண்டுவருவது. ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் போய், 500 டிகிரிக்கு மேல் இரண்டு தடவை டெம்பர் செய்து கொடுங்கள் என்று கேட்கக் கற்றுக்கொண்டதும் அந்தப் பஞ்சுக்குப் பிறகுதான். கடினம் ஓரிரண்டு புள்ளி குறையும், இழுபறி நன்றாக அடங்கும். கடினம் 60 வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒற்றைக்காலில் நின்றால், அவரை உட்கார வைத்து இதைச் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பும் வெட்டுகிறவனுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்கிம் கட்டுக்கு இன்னொரு அவசியமும் உண்டு. ரஃப் கட்டில் பொறி உருக்கிய உலோகம் முழுதும் கழுவிக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் மேற்பரப்பிலேயே மறுபடி உறைந்து, உடையக்கூடிய மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளர் காசை மிச்சம் பிடிக்க ஒரே கட் போதும் என்றார். செய்து கொடுத்தோம். சில வாரத்தில் டையின் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து திரும்பி வந்தது. இரண்டு ஸ்கிம்முக்குச் சம்மதிக்காத பஞ்ச்-டையை அதற்கப்புறம் நான் கையில் எடுத்ததில்லை.

துண்டு விழுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டையின் ஓட்டையைச் சுற்றி வயர் முழுவட்டம் வந்து சேரும் கடைசி நொடியில் நடுத்துண்டு தனியாகிவிடும். அந்த மூன்று கிலோ இரும்பு சரிந்து வயரை அறுக்கலாம், டையின் சுவரில் சாய்ந்து ஷார்ட் ஆகிக் குழி போடலாம், கீழே விழுந்து, வயரைக் கீழே தாங்கும் லோயர் கைடை உடைக்கலாம். ஒரு மதியம் டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. கீழ் நாசில் நசுங்கி, உள்ளே இருந்த வைர கைடு உடைந்திருந்தது. உள்ளூரில் அது கிடைக்காது. பன்னிரண்டு நாள் மெஷின் நின்றது. அதற்குப் பிறகு வெட்டு முடிய நான்கு மில்லிமீட்டர் இருக்கும்போதே புரோகிராமில் ஒரு நிறுத்தம் எழுதிவிடுவேன். மெஷின் நிற்கும், நான் வருவேன், காந்தத்தாலோ செப்புத் தகட்டை ஒட்டியோ துண்டைத் தட்டோடு பிடித்துக்கொள்வேன், பிறகு அந்த நான்கு மில்லிமீட்டரை வெட்டவிடுவேன். டீ ஆறினால் ஆறட்டும்.

தண்ணீரைப் பற்றி எந்தக் கையேடும் எங்கள் ஊருக்காக எழுதப்படவில்லை. வயர் கட் ஓடுவது உப்பு நீக்கிய தண்ணீரில். ரெசின் நிரப்பிய பாட்டில் வழியாகத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், அதன் மின்கடத்தலை மீட்டர் காட்டும். தண்ணீர் அதிகம் கடத்தினால் பொறி சந்தில் தெறிப்பதற்குப் பதில் மின்சாரம் நாலாபக்கமும் கசியும், அளவு கெடும், வெட்டுகிற இரும்பு துருப்பிடிக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாட்களில் டேங்க் நிரப்பினால் ஒரு ரெசின் மாதக்கணக்கில் தாங்கும். கோடையில் குழாய் வராமல் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதே ரெசின் இரண்டு வாரத்தில் செத்துவிடும். மேற்கே சிறுவாணி மலையில் மழை என்று செய்தி வந்தால் விவசாயிக்கு அடுத்தபடி சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். பிறகு ஆர்.ஓ. வைத்தோம், பிரச்சினை குறைந்தது.

வெப்பமும் அப்படித்தான். 300 மில்லிமீட்டர் எஃகுத் தட்டு ஐந்து டிகிரி சூடேறினால் 0.017 மில்லிமீட்டர் நீளும். எங்கள் இடைவெளியே 0.025 என்னும்போது, மத்தியானம் வெட்டிய ஸ்லாட்டும் விடியற்காலை வெட்டிய ஸ்லாட்டும் ஒரே வட்டத்தில் நிற்கவில்லை என்றால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதலாளி அறைக்கு முன்னால் மெஷினுக்கு ஏ.சி. வந்தது அதற்காகத்தான்.

எல்லாவற்றையும் மீட்டர் சொல்லாது. சத்தம் சொல்லும். தகரக் கூரையில் சீராக மழை பெய்கிற மாதிரி ஒரு பொரிச்சல் கேட்டுக்கொண்டே இருந்தால் வெட்டு நன்றாகப் போகிறது. மழை விட்டு விட்டுப் பெய்தால் சந்தில் கசடு தேங்குகிறது. பொறி நீலமும் வெள்ளையுமாக இருப்பது மாறிச் சிவப்பு தெரிய ஆரம்பித்தால் வயர் அறுந்துவிடப் போகிறது. பவரைக் குறைக்கவோ தண்ணீர்ப் பாய்ச்சலைச் சரிசெய்யவோ சில நொடிகள்தான் கிடைக்கும். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதிச் சோற்றில் எழுந்து ஓடியிருக்கிறேன். காது அதுவாகவே அங்கே இருக்கும்.

2008 முதல் நான்கைந்து வருடம் வந்த மின்வெட்டுக் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. 2012இல் கோயமுத்தூரில் பாதி நாள்கூடக் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. லேத் நின்றால் மறுபடி சுற்றவிட்டுக்கொள்ளலாம். வயர் கட் நின்றால் அப்படியல்ல. பம்ப் நிற்கும், சில்லர் நிற்கும், வயரின் இழுவை தளரும். கரண்ட் திரும்பும்போது தண்ணீர் ஒரு சூட்டில், தட்டு ஒரு சூட்டில் இருக்கும். 0.30 மில்லிமீட்டர் சந்துக்குள் வயரைக் கையால் கோத்து, நின்ற இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி தொடங்கினால், அந்த இடத்தில் ஒரு கோடு விழும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஒரே டையில் ஏழு கோடு விழுந்த மாதமும் இருந்தது. ஜெனரேட்டரில் ஓட்டினோம். டீசல் விலைக்குக் கட்டவில்லை, பொறியும் சீராக இல்லை.

வேறு வழியில்லாமல் வேலையையே மின்வெட்டுக்கு ஏற்றபடி உடைத்தோம். எப்போது நின்றாலும் பரவாயில்லை என்கிற ரஃப் கட்டெல்லாம் நிச்சயமில்லாத நேரங்களில். ஸ்கிம் கட் முழுதும், கரண்ட் உறுதியாக இருக்கும் என்று தெரிந்த ராத்திரி நேரத்தில். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வெட்டும் எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி புரோகிராமைத் துண்டு போட்டேன். மூன்று வருடம் பெரும்பாலும் ராத்திரிதான் வேலை. அதில் ஒன்று என் மகள் பத்தாவது படித்த வருடம். அவள் மெழுகுவர்த்தியில் படித்ததை நான் பார்த்ததில்லை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். எங்களைச் சுற்றி எத்தனையோ சின்னப் பட்டறைகள் ஷட்டரை இறக்கி, பிறகு ஏற்றவே இல்லை. அந்தக் கணக்கை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

அதே காலத்தில்தான் சீனத்து மாலிப்டினம் வயர் மெஷின்கள் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் சந்துக்குச் சந்து வந்தன. புனேயில் செய்த நம் நாட்டு மெஷின்களை அதற்கு முன்பே பார்த்திருந்தோம். ஆனால் இது வேறு ரகம். எங்கள் மெஷினில் பித்தளை வயர் ஒரு தடவை ஓடியதும் குப்பை. ஐந்து கிலோ சுருள் ஏறக்குறைய ஒரு நாளில் காலி. இந்த மெஷினில் 0.18 மாலிப்டினம் வயர் டிரம்மில் சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடி, அதே வயர் நாள்கணக்கில் உழைக்கும். புரோகிராமும் வேறு மாதிரி, 3பி என்பார்கள்; எல்லா அளவும் மைக்ரானில். பரப்பு எங்களுடையது மாதிரி வராது என்று நான் அந்த மெஷின்களைக் கொஞ்ச நாள் மதிக்காமல் இருந்தேன். அது தப்பு. ஒரு தம்பதி வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு கியர் கீவே, நெசவு மெஷின் உதிரிபாகம், நகைப் பட்டறைக்குப் பெண்டன்ட் டை என்று வெட்டிக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாவிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். ஓட ஓட மாலிப்டினம் வயர் மெலியும். தினமும் காலையில் மைக்ரோமீட்டரால் வயரை அளந்து, மெலிந்த அளவுக்கு ஏற்றபடி ஆஃப்செட்டை மாற்றித்தான் மெஷினைத் தொடுவார். ஒவ்வொரு நொடியும் புது வயர் வரும் மெஷினில் வேலை செய்த எனக்கு அந்த எண்ணமே வந்திருக்காது.

இப்போது படம் கம்ப்யூட்டரில் வரைந்த கேட் ஃபைலாகவே வருகிறது. 192 புள்ளி கணக்கெல்லாம் யாருக்கும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் பாலிடெக்னிக் முடித்து எங்களிடம் சேர்ந்த பெண் பத்து நிமிடத்தில் புரோகிராம் எடுத்துவிடுகிறாள். ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடு, இதையெல்லாம் திரையில் பெரிதாக்கி நொடியில் பிடிக்கிறாள். கிளாம்ப் எங்கே போடுவது, எந்த ஸ்லாட்டை முதலில் வெட்டுவது என்பதை என்னிடம் கேட்பாள். கேட்டுவிட்டு, ஏன் என்றும் கேட்பாள்.

போன தையில் ஒரு டை சாணை பிடிக்க வந்தது. ஓரத்தில் என் நம்பர் பஞ்ச் அடித்திருந்தது, 1994 என்று. ஒவ்வொரு சாணைக்கும் மேல்முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நேர்ச்சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. இனி சாணைக்கு நிற்காது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டோம். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு ஸ்லாட்டிலும், பல்லின் பக்கவாட்டு நேர்க்கோட்டில், வயர் உள்ளே நுழைந்த இடத்தின் தழும்பு இருந்தது.

"இங்க தடவிப் பாரு அம்மிணி."

அவள் நகத்தை ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"ஏன் சார் பல்லுல நுழைஞ்சீங்க? ஸ்லாட்டோட அடி வளைவுல நுழைஞ்சா அங்க கோடு இருந்தாலும் பரவால்ல இல்ல?"

ஸ்டார்ட் ஹோலிலிருந்து பல் கிட்டத்தில் இருந்தது, நேர்க்கோட்டில் நுழைவது கணக்குப் போடச் சுலபமாக இருந்தது என்று சொன்னேன். அன்று 24 ஸ்லாட்டையும் கையால் எழுதியவனுக்கு வளைவில் நுழைய இன்னும் 24 புள்ளி கூடுதல். அவள் தலையாட்டினாள். பழைய டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய புரோகிராமில் நுழைவிடத்தை அடி வளைவுக்கு நகர்த்தினாள். ஸ்லாட் வரிசையை எதிரும் புதிருமாக மாற்றினாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து, விரலைக் காற்றில் வலஞ்சுழியாக ஒரு சுற்று சுற்றி, வலது கையைப் பார்த்துக்கொண்டாள். ஜி42.

தட்டு வெள்ளிக்கிழமை ஹீட் ட்ரீட்மென்ட்டிலிருந்து வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அவள் ஸ்டார்ட் அழுத்தினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மழை சீராகத்தான் பெய்தது.